ஸ்டோர் ரூமைக் காலி செய்வதற்கு முன்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்கங்களில் விளையாட்டுப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கும், நாங்கள் எல்லோரும் 'பக்ஸ்' என்று சொல்லிப் பழகிய பிரிட்டிஷ் பல்கலைக்கழக, கல்லூரி விளையாட்டு அமைப்பினருக்கும்,

வணக்கம்.

போன ஜூலையில், நான் ஆடிய பல்கலைக்கழக அணியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். விளையாட்டு மையத்தைப் புதுப்பிக்கிறார்களாம். கிளப்களின் சாமான்கள் கிடந்த ஸ்டோர் ரூமை ஒரே நாளில் காலி செய்திருக்கிறார்கள். கோடை விடுமுறை, மாணவர்கள் ஒருவரும் ஊரில் இல்லை. எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் அலமாரியில் இருந்த இரண்டு கோப்பைகள், பதினாறு வீடியோ கேசட்டுகள், 1980களின் கடைசியில் எடுத்த குழுப் படங்களை ஒட்டிவைத்த ஆல்பம், ஒரு கட்டு ஆட்ட நிகழ்ச்சித் தாள்கள், எல்லாமே குப்பை வண்டியில் போய்விட்டன. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன்" என்றார். அறுபதை நெருங்கும் மனிதர். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அது எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அன்று மூட்டை கட்டியவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அவர்கள் கையில் கொடுத்த பட்டியலில் 'பழைய சாமான்' என்றுதான் எழுதியிருக்கும். இதே காரியம் அடுத்த ஜூலையில் வேறொரு ஊரில், வேறொரு பல்கலைக்கழகத்தில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்கு வாகான மொழி இதுதான். அதோடு, ஒவ்வொரு செப்டம்பரிலும் தமிழ் பேசும் மாணவர்கள் பலர் உங்கள் வளாகங்களுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தன் கிளப் அலமாரியைத் திறந்து பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்.

நான் 2003ல் மதுரையிலிருந்து முதுகலை படிக்க இங்கிலாந்துக்கு வந்தவன். புதிய மாணவர்களுக்காக நடக்கும் கிளப் சந்தையில் ஒரு மேஜைமேல் ஹெல்மெட் ஒன்றை வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்கள் லைனில் ஆடலாம்" என்றார். எதிரணியோடு நேருக்கு நேர் மோதி நிற்கும் முன்வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். எனக்கு கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதுகூட அன்றைக்குத் தெரியாது. என்னோடு அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலத்தான். பிரிட்டனில் பல்கலைக்கழக அணிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. பள்ளியிலேயே ஆடிவிட்டு வருபவர்கள் குறைவு. அக்டோபரில் முதல்முறை ஹெல்மெட் மாட்டியவன் நவம்பரில் மைதானத்தில் நிற்கிறான்.

ஊருக்குப் படம் அனுப்பியபோது அம்மா போனில், "என்னடா இது, தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு ஆடுறீங்க? அடி பலமா விழுமோ?" என்று கேட்டார். விழத்தான் செய்தது. ஆனால் அந்த ஊரில் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடைத்தது அந்த மைதானத்தில்தான். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிப் பயிற்சியாளராக அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டு என்றால் உங்களுக்குப் புதன்கிழமை மதியம். ஹாக்கி, ரக்பி, நெட்பால் எல்லாம் அன்றைக்குத்தான். சங்கத்தின் புகைப்படக்காரர் வருவார், மாணவர் பத்திரிகை வரும், இரவில் எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடும். அமெரிக்கன் ஃபுட்பால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும் நாள். நவம்பர் முதல் மார்ச் வரை, குளிரிலும் சேற்றிலும், வளாகத்தில் ஆளில்லாத நேரத்தில் நடக்கும் ஆட்டம். காலை ஏழு மணிக்கே போய் ரக்பி மைதானத்தின் கோடுகளுக்கு மேல் எங்கள் கோடுகளைப் பூசிவிட்டு, ரக்பிக் கம்பத்துக்கே மெத்தை கட்டிவிட்டு, மருத்துவக் குழு வந்து சேர்ந்ததா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மருத்துவக் குழு இல்லாமல் கிக் ஆஃப் கிடையாது. மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும். உங்களில் ஒருவர்கூட அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் படங்களிலும் குறிப்புகளிலும் இந்த அணிகள் காணாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆட்டம் பிரிட்டனுக்கு நேற்று வந்ததல்ல. 1910 நவம்பரிலேயே அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் மாலுமிகள் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரியில், லண்டன் வைட் சிட்டி மைதானத்தில் கனடா ராணுவத்தினரும் அமெரிக்க ராணுவத்தினரும் மோதினார்கள். பாதி ஆட்டம் கனடா விதிப்படி, பாதி அமெரிக்க விதிப்படி. 'டீ பவுல்' என்று பெயர் வைத்தார்கள். கனடாக்காரர்கள் 16–6 என்று ஜெயித்தார்கள். அடுத்த மாதமே 'காஃபி பவுல்' நடந்தது. அதில் அமெரிக்கர்கள் 18–0 என்று பதிலடி கொடுத்தார்கள்.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு யாரோ எழுதிவைத்தார்கள், யாரோ பாதுகாத்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த நகரத்தில், நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் எண்பது வருடம் கழித்தும் இருக்கிறது. 1992ல் எங்கள் அணி ஆடிய ஆட்டங்களின் ஸ்கோர் போன ஜூலையோடு போய்விட்டது.

1982 நவம்பரில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கிய கையோடு, அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களின் சுருக்கத்தை ஒளிபரப்ப ஆரம்பித்தது. அதுதான் திருப்பம். ஞாயிறு மாலை டிவி முன்னால் உட்கார்ந்த பையன்களும் பெண்களும் அதைப் பார்த்துக் கிறங்கிப்போனார்கள். 1983 ஆகஸ்டில் வெம்ப்ளியில் மினசோட்டா வைகிங்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் காட்சி ஆட்டம் ஆடின. அதே ஆண்டு லண்டன் ரேவன்ஸ் என்ற உள்ளூர் அணி உருவானது. 1986 ஆகஸ்ட் 3ம் தேதி சிகாகோ பேர்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் வெம்ப்ளிக்கு வந்தபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். பேர்ஸ் 17–6 என்று ஜெயித்தது. 'ரெஃப்ரிஜரேட்டர்' என்று செல்லப்பெயர் பெற்ற வில்லியம் பெர்ரியைப் பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்ற கதையை அவர்கள் சொல்லும்போது எல்லோருக்கும் பத்து வயது குறைந்துவிடும்.

அந்த அலையில்தான், 1980களின் நடுவில், பல்கலைக்கழகங்களிலும் அணிகள் முளைத்தன. காசு கிடையாது, கோச் கிடையாது. டிவியில் பதிவு செய்த ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு, மறுநாள் மைதானத்தில் அதை ஆடிப் பார்த்தார்கள். எங்கள் அணியின் முதல் பிளேபுக், அதாவது ஆட்டத் திட்டப் புத்தகம், அப்படி எழுதிய நாற்பது பக்க நோட்டுதான். அதுவும் அந்த அலமாரியில் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1991 ஜூன் 9ம் தேதி லண்டன் மோனார்க்ஸ் அணி, வெம்ப்ளியில் 61 ஆயிரம் பேர் முன்னிலையில், பார்சிலோனா டிராகன்ஸை 21–0 என்று வீழ்த்தி, என்.எஃப்.எல். ஆதரவில் நடந்த தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான வேர்ல்ட் பவுலை முதல்முறை வென்றது. அந்த மோனார்க்ஸ் 1998ஓடு முடிந்துபோனது. ஸ்காட்டிஷ் கிளேமோர்ஸ் 1995ல் வந்தது, 1996ல் சொந்த ஊரான எடின்பரோ மரேஃபீல்டில் வேர்ல்ட் பவுலை வென்றது, 2004ஓடு போனது. இவை ஆடிய, பின்னாளில் ஐரோப்பிய லீக்காக ஆன அந்த லீக் மொத்தமும் 2007ல் மூடப்பட்டது. சேனல் 4 அதற்கு முன்னாலேயே, 1990களின் இறுதியில், ஒளிபரப்பை விட்டுவிட்டது. பணம் வந்தது, பணம் போனது.

மாணவர்கள் போகவில்லை. டிவியில் காட்டாத வருடங்களிலும், பத்திரிகையில் ஒரு வரிகூட வராத வருடங்களிலும், ஒவ்வொரு அக்டோபரிலும் யாரோ ஒரு இருபது வயதுக்காரர் ஒரு மேஜையைப் போட்டு அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு நின்றிருக்கிறார். பிரிட்டனில் இந்த ஆட்டம் வற்றிப்போகாமல் இருந்ததற்கு அந்த மேஜைகள் பெரிய காரணம். மாணவனாக ஆடிவிட்டு வெளியே போனவர்கள்தான் பல ஊர் அணிகளில் கோச்சாகவும் நடுவராகவும் நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள். ஊர் அணிகளின் சீசன் கோடையில், மாணவர் சீசன் குளிர்காலத்தில். வருடம் முழுக்க இரண்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆனால் யாருடைய கதை எழுத்தில் இருக்கிறது? மோனார்க்ஸ் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரும் இன்றைக்குத் தேடினால் கிடைக்கும். ஏழெட்டு வருடமே வாழ்ந்த அணி அது. நாற்பது வருடத்தை நெருங்கும் மாணவர் அணிகள் பலவற்றுக்கு, முதல் ஆட்டம் யாரோடு நடந்தது என்று சொல்லவே ஆளில்லை.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவின் வரவு செலவு நோட்டு ஒரு வீட்டில் இருக்கும். தாத்தா வைத்திருந்தது, அப்பா வைத்திருந்தது, இப்போது மகன் வைத்திருக்கிறார். 1960ல் பந்தலுக்கு யார் மூங்கில் கொடுத்தார் என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். மாணவர் கிளப்பில் அப்படி ஒரு வீடு கிடையாது. இளங்கலைக்கு மூன்று வருடம், முதுகலைக்கு ஒரே வருடம். நிர்வாகக் குழு வருடா வருடம் மாறும். வசந்தகாலத் தேர்தல் முடிந்ததும் புதிய தலைவருக்கு ஒரு பென் டிரைவும் ஸ்டோர் ரூம் சாவியும் கைமாறும். அந்த அலமாரியில் இருப்பது என்னவென்று தெரிந்த கடைசி மாணவரும் நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அது பழைய சாமான்தான்.

அமைப்பும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் பி.சி.ஏ.எஃப்.எல். என்ற கல்லூரி லீக். பிறகு பி.யு.ஏ.எஃப்.எல். என்ற பல்கலைக்கழக லீக். 2012ல்தான் இந்த ஆட்டம் பக்ஸின் குடைக்குள் வந்தது. வந்த பிறகு நீங்கள் முறையாகவே நடத்துகிறீர்கள், நன்றி. மற்ற விளையாட்டுகளோடு சேர்த்து எங்கள் புள்ளிகளும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறின. அது எங்களுக்குப் பெரிய கௌரவம். ஆனால் 2012க்கு முந்தைய கால் நூற்றாண்டு யாருடையது? அந்த லீக்குகளை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். அட்டவணையும் முடிவுகளும் அவர்களது வீட்டுக் கணினிகளில், அட்டைப் பெட்டிகளில், பரண்களில் இருந்தன. பல கிளப்கள் தங்கள் செய்திகளை இலவச இணைய இடங்களில் வைத்திருந்தன. எங்கள் கிளப்பும் அப்படித்தான் ஜியோசிட்டீஸில் ஒரு பக்கம் வைத்திருந்தது. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடியபோது அதை நகலெடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த அணிகளின் பெயர்களையாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லங்காஸ்டர் பாம்பர்ஸ். இரண்டாம் உலகப் போரில் பறந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை நினைத்து வைத்த பெயர். வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் அணிக்குத் 'தரானை' என்று பெயர். வெல்ஷ் மொழியில் இடிமுழக்கம் என்று பொருள். அமெரிக்க ஆட்டத்தை ஆட வந்த பிள்ளைகள் தங்கள் மண்ணின் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா! பாத் கில்லர் பீஸ், இம்பீரியல் இம்மார்ட்டல்ஸ், கேம்பிரிட்ஜ் பைதான்ஸ், சவுதாம்ப்டன் ஸ்டாக்ஸ், ஹெர்ட்ஃபர்ட்ஷைர் ஹரிக்கேன்ஸ், பலமுறை தேசியச் சாம்பியனான பர்மிங்ஹாம் லயன்ஸ். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு அறை, ஒரு இரவு, பத்துப் பதினைந்து பேர் கையைத் தூக்கிப் போட்ட ஓட்டு இருந்திருக்கும். அந்த இரவைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எவ்வளவு நாள் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. 1985ல் இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. எங்கள் முதல் குவார்ட்டர்பேக், தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் வீரர், இரண்டு வருடம் முன்பு காலமானார். இறுதிச் சடங்குக்குப் பிறகு, அவர் அணிச் சீருடையில் நிற்கும் படம் ஏதாவது இருக்குமா என்று அவர் மகள் எங்களிடம் கேட்டார். அந்த ஆல்பத்தில் இருக்கிறது, தேடி எடுத்துத் தருகிறோம் என்று சொன்னோம். பள்ளத்தாக்குப் போலக் குழிந்த மைதானத்தில், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்கும் படம் அது. நான் பார்த்திருக்கிறேன். போய் எடுப்பதில் நாங்கள் தாமதம் செய்துவிட்டோம். அதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். எங்கள் கிளப்பின் சாமான் நோட்டு. யாருக்கு எந்த ஹெல்மெட், எந்த ஷோல்டர் பேட் கொடுத்தோம் என்று குறித்து வைக்கும் நோட்டு. கோச்சாக இருந்த கடைசி வருடம் எண்களைச் சரிபார்க்க எடுத்தது என் காரிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் தப்பியது. நீல அட்டை, ஓரமெல்லாம் சேறு. ஒரு பக்கத்தில்: 'எண் 14, தாடைப் பட்டை அறுந்தது, 20 பவுண்ட் டெபாசிட், பாதி திருப்பிக் கொடுத்தாயிற்று.' இன்னொரு பக்கத்தில்: 'எண் 7 உடையவர் விமானப் படைக்குப் போகிறார், பேடை ஞாபகமாக வைத்துக்கொள்ளட்டும், தலைவர் சம்மதம்.' வேறொரு கையெழுத்தில்: 'கோடு போடும் பெயின்ட் தீர்ந்தது. பாதி மைதானத்துக்கு மாவு தூவினோம்.' மாவு தூவிய அந்த ஆட்டத்தில் எதிரணியில் பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்களாம், பாதிப் பேர் தாக்குதலிலும் தடுப்பிலும் மாறி மாறி நின்று ஆடியிருக்கிறார்கள். ஒரு சாமான் நோட்டில் இவ்வளவு இருக்கிறது. போன பதினாறு கேசட்டில் என்ன இருந்திருக்கும்?

படகுப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் 1829ல் முதல்முறை போட்டியிட்டன, ஆக்ஸ்ஃபர்ட் ஜெயித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் ரக்பி ஆட்டம் 1872ல் தொடங்கியது. இவற்றை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அவை பெரிய விளையாட்டுகள், பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆடியவை, அதனால் முதல் நாளிலிருந்தே எழுதிவைத்தார்கள். எங்கள் ஆட்டத்தில் சேர்ந்தவர்களில் பலர் பள்ளியில் எந்த அணியிலும் இடம் கிடைக்காதவர்கள். குண்டாக இருக்கிறான் என்று கால்பந்தில் ஓரம் கட்டப்பட்டவன் இங்கே லைனில் தேவைப்பட்டான். வேகமாக ஓடுவாள், பந்து பிடிக்கத் தெரியாது என்று சொல்லப்பட்டவள் இங்கே கற்றுக்கொண்டாள். இவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்பது அதிகமா?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

மாணவர் சங்கங்களுக்கு என் முதல் வேண்டுகோள் மிகச் சின்னது. எந்தக் கிளப்பின் அலமாரியைக் காலி செய்வதானாலும், பருவம் நடக்கும்போதே சொல்லுங்கள், விடுமுறையில் செய்யாதீர்கள். கிளப்பின் இப்போதைய நிர்வாகிக்கு மட்டுமின்றி, முன்னாள் மாணவர் பிரிவுக்கும் ஒரு கடிதம் போகட்டும். எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். வந்து தூக்கிக்கொண்டு போக ஆட்கள் கட்டாயம் வருவார்கள்.

அடுத்தது, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஆவணக் காப்பகம் என்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். அங்கே வேலை செய்பவர்களை ஒருமுறை கிளப் தலைவர்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எதை வைத்திருக்க வேண்டும், எதை விடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். வருடாவருடம் பொறுப்பு கைமாறும்போது சாவியோடும் பென் டிரைவோடும் சேர்த்து ஒரு உறையும் காப்பகத்துக்குப் போகட்டும். அந்த வருடத்து ஆட்ட முடிவுகள், அணிப் பட்டியல், பத்துப் புகைப்படம், தலைவர் எழுதிய ஒரு பக்கம். இவ்வளவுதான். ஒரு மாணவருக்கு அரை நாள் வேலை.

இட வசதி இல்லை என்பீர்கள். நியாயம்தான். பழைய ஹெல்மெட்டுகளை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனையில் தேறாத ஹெல்மெட்டை வெளியேற்றத்தான் வேண்டும், அதை ஒரு புதுப் பையன் தெரியாமல் மாட்டிக்கொண்டால் ஆபத்து. ஆனால் வெளியேற்றும் முன் ஒரு படம் எடுங்கள். கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிவிட்டால் பதினாறு கேசட் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும். காந்த நாடா வருடம் ஆக ஆகக் கெட்டுக்கொண்டே போகும், அதனால் இதில் மட்டும் தாமதம் வேண்டாம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி ஒரு அலுவலகத்தில் எனக்கு மறுத்திருக்கிறார்கள். பழைய உறுப்பினர்களின் பெயர்களை வைத்திருக்கக் கூடாது, அழித்துவிடுவதே பத்திரம் என்றார்கள். பயம் புரிகிறது. ஆனால் 2018ம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே பொதுநலனுக்காக ஆவணங்களைக் காப்பதற்கு இடம் இருக்கிறது. காப்பகத்தில் இருப்பவர்கள் இதைத் தினமும் கையாள்பவர்கள். மருத்துவக் குறிப்புகளையும் முகவரிகளையும் தனியே எடுத்துவிடுவார்கள், சிலவற்றைப் பல வருடம் திறக்காமல் மூடியும் வைப்பார்கள். அழிப்பதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

பக்ஸுக்கு என் வேண்டுகோள் கொஞ்சம் பெரியது. 2012க்கு முந்தைய லீக்குகளின் முடிவுகளைத் திரட்டும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் நடத்தாத காலம் அது, உண்மைதான். ஆனால் இன்று அந்த அணிகளுக்கு வேறு வீடு இல்லை. எல்லாப் பழைய வீரர்களுக்கும் ஒரு அழைப்பு விடுங்கள். பரணில் இருக்கும் அட்டவணை, சுருட்டி வைத்த போஸ்டர், நெகட்டிவ் படச்சுருள், எதுவானாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். தேசிய இறுதி ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேஜையும் ஒரு ஸ்கேனரும் போட்டால் போதும். கூட்டம் சேரும். நானே காலை முதல் மாலை வரை உட்காருகிறேன்.

இதை ஏன் இப்போது அவசரப்பட்டுச் சொல்கிறேன் என்றால், இந்த ஆட்டத்துக்குப் பிரிட்டனில் மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2007 அக்டோபர் 28ம் தேதி மழையில் ஊறிய வெம்ப்ளியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் மயாமி டால்பின்ஸை 13–10 என்று வென்ற நாளிலிருந்து, என்.எஃப்.எல். சீசன் ஆட்டங்கள் லண்டனுக்கு வருகின்றன. 2019ல் டாட்டன்ஹாம் மைதானமும் சேர்ந்துகொண்டது. இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் என்.எஃப்.எல். அகாடமி லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பாலைச் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. ஆளை மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் பட்டையைப் பறித்து ஆடும் வடிவம் அது. உங்கள் வளாகங்களில் இன்று ஃபிளாக் ஆடும் பெண்களில் ஒருவர் அங்கே போய் நிற்கலாம்.

எனக்கு இதெல்லாம் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பெரிய கட்டடம் எழும்பும்போது அஸ்திவாரம் போட்டவர்களின் பெயர் மண்ணுக்குள் போய்விடும். இன்னும் பத்து வருடத்தில் யாராவது இந்த ஆட்டத்தின் பிரிட்டன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், அகாடமியின் பதிவுகள் ஒழுங்காகக் கிடைக்கும், என்.எஃப்.எல். பதிவுகள் கிடைக்கும். 1988ல் சொந்தக் காசில் வேன் பிடித்து, ஐந்து மணி நேரம் போய், தோற்று, அதே வேனில் பாடிக்கொண்டே திரும்பி வந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காது. இப்போது திரட்டினால்தான் உண்டு.

என்னிடம் மிஞ்சியிருப்பதை முதலில் நானே கொடுத்துவிடுகிறேன். அந்த நீல நோட்டு, 2004 முதல் நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்கள், மூன்று சீசனின் ஆட்டத் திட்டத் தாள்கள். பிறகு ஒரு ஹெல்மெட். நான் சேர்ந்த வருடம் எனக்குக் கொடுத்தது, 2008ல் சோதனையில் தேறாமல் தூக்கிப் போடச் சொன்னது. போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒருநாள் துடைக்கும்போது பக்கவாட்டு ஸ்டிக்கர் உரிந்தது. அதன் கீழே அணியின் பழைய சின்னம். அதையும் நகத்தால் மெல்லத் தூக்கினால், அதற்கும் கீழே நான் கேள்விப்பட்டே இராத வேறொரு சின்னம், கையால் வரைந்தது, ஓரத்தில் பெயின்ட் வழிந்த தடம். அணியை ஆரம்பித்தவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் வருடம் ஸ்டிக்கர் வாங்கக் காசில்லை, நான்தான் வரைந்தேன்" என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் திரும்பி வராத சாமான்களின் பட்டியல் இருக்கிறது. மொத்தம் ஆறு. நான்காவது வரியில் 'எண் 22, ஹெல்மெட்' என்று என் பெயர். எந்தக் கதவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு முன்னாள் லைன்மேன்